காயலான் கடைப் பாடம்

அனுமந்தை சுங்கச்சாவடியைத் தாண்டித் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சாமான்களும் விற்பார்கள். வரைகலை படிக்கும் பிள்ளைகள் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு இப்படிப்பட்ட இடங்களில் குனிந்து தேட வேண்டும் என்பது என் கட்சி. பழைய சிவகாசித் தீப்பெட்டி லேபிள் ஒன்று அகப்பட்டால் போதும். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள்; பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதையொட்டி அச்சுத் தொழிலும் சிவகாசியில் வேர்பிடித்தது. லேபிளோ உள்ளங்கையில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே அச்சிட வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே நடுவில் ஒரே உருவம், தடித்த கோடு, கண்ணில் அறையும் சிவப்பும் மஞ்சளும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, கணினியில் போலிக் கீறலும் மங்கலும் ஏற்றி ‘விண்டேஜ்’ என்கிறார்கள். எனக்குச் சகிக்கவில்லை. (புது காபிக் கடைகளின் சுவரைப் பாருங்கள்.) பழைய லேபிளின் அழுக்கு ஓவியர் போட்டதல்ல, காலம் போட்டது. ஓவியரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது சிக்கனத்தை. உதாரணமாக, மரக்காணம் உப்புக்கு ஒரு பை வரையப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: உப்பளப் பாத்திக் கட்டங்களுக்கு நீலம், வரப்புக்குப் பழுப்பு, அவ்வளவுதான். உப்புக் குவியலுக்கு மையே வேண்டாம். பையின் வெள்ளையை அப்படியே விட்டுவிடலாம்.