2,000 லிட்டர் டேங்க் எதுக்கு சித்தப்பா?

சித்தப்பாவிடமிருந்து காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப் வந்தால் அது பெரும்பாலும் 'குட் மார்னிங்' ரோஜாப்பூவாக இருக்கும். தை கடைசியில் ஒருநாள் வீடியோ வந்தது. கனடாவில் பனி மூடிய காடு. மரத்துக்கு மரம் நீல நிறக் குழாய். மேப்பிள் மரத்தில் வடியும் சாறு அந்தக் குழாய்களில் ஓடி, ஆள் உயர ஸ்டீல் டேங்கில் போய் விழுகிறது. கீழே சித்தப்பாவின் குரல் பதிவு: "பாப்பா, நம்ம பனை மரத்துக்கும் இதே மாதிரி செய்யலாம்ல? 2,000 லிட்டர் டேங்குக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன். பத்துமான்னு விசாரிச்சுச் சொல்லு."

சித்தப்பா பதினெட்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தரங்கம்பாடி பக்கத்தில் கொஞ்சம் நிலம், அதன் வரப்பு ஓரத்தில் நாற்பது பனை. கையில் இருப்பது செட்டில்மென்ட் பணம் மட்டும். அதனால் இந்த வாரப் பத்தி அவருக்காக. பதநீர், கருப்பட்டி என்று இறங்க நினைக்கும் மற்றவர்களும் படிக்கலாம்.

தரங்கம்பாடி என்றதும் எல்லோருக்கும் 1620-ல் எழுந்த டேனிஷ் கோட்டையும், 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கும், அவருடைய அச்சுக்கூடமும்தான் நினைவுக்கு வரும். அவர் தமிழ் படித்த சுவடிகள் பனையோலை என்பதை யாரும் சொல்வதில்லை. நெல் விளையும் டெல்டாவில் பனைக்கு எப்போதுமே வரப்போரம்தான் இடம்.

முதலில் மேப்பிள் கணக்கு. அந்தச் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம். நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. இரவில் உறைபனி, பகலில் லேசான வெயில் என்று மாறி மாறி வரும் சில வாரங்களில்தான் சாறு ஓடும். ஒரே நாளில் வெள்ளமாக வரும், மறுநாள் சொட்டுகூட இருக்காது. அந்த வெள்ளத்தைப் பிடித்து வைக்கத்தான் பெரிய டேங்க். அதுவும் அங்கே ஊரே ஃப்ரிட்ஜ் மாதிரி இருப்பதால் நடக்கிறது. குளிர் விட்டுப்போனால் அவர்களுடைய சாறும் கெட்டுத்தான் போகும்.

நம் பதநீரில் சர்க்கரை 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். எட்டு ஒன்பது லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டி. கேட்க லாபமாக இருக்கிறது. ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. சில மணி நேரத்தில் நுரை கட்டும், புளிப்பு வாடை வரும். அதைத் தள்ளிப்போடத்தான் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசுகிறோம். தள்ளிப்போடத்தான் முடியும், நிறுத்த முடியாது.

புளித்த பதநீருக்குப் பெயர் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. பதநீர் இறக்குவதற்கே உரிமம் வாங்க வேண்டும். 2,000 லிட்டர் டேங்கில் பதநீரை ஊற்றி வைத்து, ஒரு மத்தியானம் கவனிக்காமல் விட்டால் உள்ளே இருப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். நஷ்டத்தோடு வழக்கும் சேர்ந்து வரும்.

இதை போனில் சொன்னால் சித்தப்பா கேட்க மாட்டார். சனிக்கிழமை மயிலாடுதுறையில் இறங்கி, பஸ் மாறி ஊருக்குப் போய்விட்டேன். மரங்களைப் பார்ப்பதற்காக வேதாரண்யம் பக்கத்திலிருந்து பனையேறும் பெரியவர் ஒருவரை சித்தப்பா வரவழைத்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவர், டேங்க் சமாசாரம் கேட்டதும் நின்றார்.

"தம்பி, மொத டேங்கு மரத்து உச்சியிலதான் இருக்கு. கலயம். அதைக் கணக்கு பண்ணுங்க மொதல்ல."

மரத்துக்கு மூன்று நான்கு பாளை கட்டினால், பாளைக்கு ஒரு கலயம். நாற்பது மரத்துக்கு நூற்றி இருபதுக்கு மேல் கலயம். உடைவதற்கும், கழுவிக் காயவைப்பதற்கும் கூடுதலாக வேண்டும். நேற்றைய கசடு ஒட்டிய கலயத்தில் இன்றைய பதநீர் விழுந்தால், அது தயிருக்கு உறை ஊற்றிய மாதிரி. சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும், கூடினால் கருப்பட்டி கறுத்துக் கசக்கும். அந்த அளவு அவர் விரலில் இருக்கிறது. யூடியூபில் கிடைக்காது.

அடுத்து அடுப்பு. இங்கேதான் நான் நோட்டும் பேனாவும் எடுத்தேன். ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம் (மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் இது மாறும்). நாற்பது மரத்துக்கு 160 லிட்டர். இதில் கருப்பட்டியாக நிற்கப்போவது பதினெட்டு கிலோ சொச்சம். மீதி, ஏறக்குறைய 140 லிட்டர் தண்ணீர், ஆவியாகப் போயாக வேண்டும். தினமும்.

ஆவி போவதற்கு அகலம் வேண்டும். ஆழம் உதவாது. நல்ல தீ எரிந்தால் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து மணிக்கு 40 லிட்டர் வரை போகும் என்பது மேப்பிள்காரர்களின் தோராயக் கணக்கு. தண்ணீர் எங்கும் தண்ணீர்தான் என்பதால் நமக்கும் பொருந்தும். சித்தப்பா வீட்டில் இருந்த கொப்பரையை அளந்தேன். வாய் அகலம் 75 சென்டிமீட்டர். மணிக்குப் பதினேழு லிட்டர் தேறும். 140 லிட்டருக்கு எட்டு மணி நேரம். கொதி வரும் நேரமும் கடைசியில் பாகு கிண்டும் நேரமும் இதில் சேராது.

காலை எட்டரைக்கு அடுப்பு மூட்டினால், காலைப் பதநீர் முடியவே மூன்று மணி ஆகும். அதற்குள் சாயங்காலப் பதநீர் இறங்கிவிடும். அதை முடிக்க ராத்திரி பத்து. விறகையும் கணக்குப் போட்டேன். திறந்த அடுப்பில் பாதிக்கு மேல் சூடு வீணாகும் என்பதால் நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். கேஸ் என்றால் தினம் ஒரு வீட்டு சிலிண்டர் போதாது.

சித்தி இதுவரை எதுவும் பேசாமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இப்போது கேட்டார்: "எல்லாம் சரி, பதினாலு மணி நேரம் அடுப்புல நிக்கப்போறது யாரு?"

யாரும் பதில் சொல்லவில்லை. பனைத் தொழிலில் ஏறுவது ஆண்கள், காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பொங்கி வழியாமல் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு, புகையில் கண் எரிய நின்று பதம் பார்ப்பது அவர்கள்தான். சித்தப்பாவின் எக்செல் ஷீட்டில் டேங்க் இருந்தது, லேபிள் டிசைன்கூட இருந்தது. அந்தப் பதினாலு மணி நேரத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

ஆக, கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டியிருந்தது. மரம் எத்தனை, டேங்க் எவ்வளவு என்று ஆரம்பிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு அடுப்பில் எத்தனை மணி நேரம் நிற்க முடியும், அதில் எவ்வளவு வற்றும், அதற்கு எத்தனை மரம் ஏறலாம் என்று பின்னாலிருந்து வர வேண்டும். சித்தி "காலையில நாலு மணி நேரம், அவ்வளவுதான்" என்றார். நாற்பது மரம் பன்னிரண்டாகக் குறைந்தது.

பன்னிரண்டு மரம் என்றால் சுமார் 48 லிட்டர். அதில் இருபது லிட்டரைக் காலை பத்து மணிக்குள் கோட்டைப் பக்கம் வரும் சுற்றுலாக்காரர்களிடம் விற்றுவிடலாம். மீதிதான் அடுப்புக்கு. சாயங்காலம் இறங்குவதை என்ன செய்வது என்று கேட்டேன். "உடனே ஒரு கொதி விட்டுருங்க, விடியுற வரைக்கும் தாங்கும். பச்சையா வெச்சுட்டுத் தூங்காதீங்க" என்றார் பெரியவர்.

அப்படியானால் பாத்திரம் எவ்வளவு? சராசரியை நம்பக் கூடாது, நன்றாக ஊறும் நாளுக்குத் திட்டமிட வேண்டும். அந்த நாளில் காலையில் மட்டும் ஐம்பது லிட்டர் வரலாம். பத்து லிட்டர் மூடி போட்ட பால் கேன் ஐந்து. அதே மாதிரி இன்னொரு ஐந்து, கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்க. ஸ்டீல்தான் வேண்டும். சுண்ணாம்பு கலந்த பதநீர் அலுமினியத்தை அரிக்கும். ஒரே டேங்காக வைத்தால் ஒரு கலயத்துப் புளிப்பு மொத்தத்தையும் கெடுத்துவிடும். தனித்தனிக் கேன் என்றால் பத்து லிட்டரோடு போச்சு.

கூடவே இன்னொரு கொப்பரையும், ஓலைக் கொட்டகைக்குள் நனையாத பத்து நாள் விறகும் வேண்டும். பாளையைத் தினமும் சீவாவிட்டால் ஊறுவது அடைத்துக்கொள்ளும். மரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

"அப்போ கனடாக்காரன் முட்டாளா?" என்று சித்தப்பா கடைசியாக ஒரு முயற்சி செய்தார். இல்லை. அவர்களும் சாற்றை நீண்ட நாள் வைத்திருப்பதில்லை. வருடக்கணக்கில் வைப்பது காய்ச்சிய பாகை. கியூபெக் மாகாணத்தில் அதற்கென்றே பீப்பாய் பீப்பாயாக அடுக்கிய சேமிப்புக் கிடங்கு உண்டு. 2011, 2012-ல் அதிலிருந்து ஏறக்குறைய 3,000 டன் பாகைத் திருடி, பீப்பாய்களில் தண்ணீர் ஊற்றி வைத்த கதையெல்லாம் நடந்திருக்கிறது. சாறாக இருந்திருந்தால் திருடனுக்கே பிரயோஜனம் இருந்திருக்காது.

நமக்கும் அதேதான். சேமிக்க வேண்டியது கருப்பட்டியை. சீசனில் விற்பதைவிட ஐப்பசி, கார்த்திகையில் விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்பது சித்தப்பாவின் எண்ணம். ஆனால் அந்த மாதங்களில்தான் கடலோரத்தில் உப்புக் காற்றும் மழையும். காற்று பட்டால் கருப்பட்டி கசிய ஆரம்பிக்கும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி, புகை படும்படி ஓலைப்பெட்டியில் வைப்பது பழைய வழி. டேங்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை அந்த உலர்ந்த அறைக்கும், மீதியைப் பெரியவரின் கூலிக்கும் வைக்கச் சொன்னேன். அறுபது அடி உயரத்தில் நிற்பவருக்குக் கயிறும் இடுப்பு பெல்ட்டும் விபத்துக் காப்பீடும் அதில் அடங்கும்.

கடைக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. வேறு வழியில்லாமல் சித்தப்பா 500 லிட்டர் தண்ணீர் டேங்க் ஒன்றை வாங்கி மொட்டை மாடியில் வைத்துவிட்டார். உரிமத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அது கைக்கு வரும்வரை கலயம் மரத்தில் ஏறாது.

இன்று காலை ஐந்தரைக்கு மறுபடி வாட்ஸ்அப். கிணற்றடித் திட்டில் பத்து ஸ்டீல் கேன்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்த படம். அதன் கீழே வழக்கமான ரோஜாப்பூ.