வால்வை மாற்றும் முன்னே...

இராமேசுவரம், மண்டபம் கரைகளில் பிடிபடும் மீன் கெடாதிருக்க ஐஸ் வேண்டும். ஐஸ் ஆலையில், உயர் அழுத்தத்திலுள்ள திரவ அம்மோனியா ‘விரிவு வால்வின்’ சிறு துளையைக் கடந்ததும் அழுத்தம் குறைகிறது. ஒரு பகுதி ஆவியாகி மீதியைக் குளிர்விக்கிறது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அம்மோனியா −33° செ.-இலேயே கொதித்துவிடும்!

குளிர் குறைந்தால் உடனே வால்வை மாற்றிவிடலாமா? கூடாது என்பேன். அம்மோனியா குறைந்தாலும், வால்வுக்கு முன்னுள்ள வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் இதே அறிகுறிதான். வடிகட்டியைக் கடந்ததுமே குழாய் சில்லிட்டிருந்தால் அடைப்பு அங்கேதான். சோதிக்காமல் மாற்றினால், நச்சுத்தன்மையுள்ள அம்மோனியாக் குழாயை வீணாகத் திறந்ததாகும். பழுதும் நீங்காது, மீனும் கெடும். அழுத்தமானியையும் வெப்பமானியையும் பார்த்து முடிவு செய்த பிறகே, பயிற்சி பெற்றவர் ஸ்பானரைத் தொடவேண்டும்.