தவளையை மட்டும் திட்டினால் சரியா?

'டோய் ஸ்டோரி 5' படத்தின் முதல் ட்ரெய்லர் வந்த நாளிலிருந்து ஊரில் இதே கதைதான். படம் வருவது 2026 ஜூன் 19இல். அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: "பாருங்க, டெப்தான் வில்லன்!"

"அஞ்சாவது பாகமா? காசுக்கு எடுக்கிறாங்க" என்பவர்களை விடுவோம். 1995இல் முழுக்கக் கணினியிலேயே உருவாகி வந்த முதல் முழுநீளப் படத்தின் தொடர்ச்சி இது. பிடித்தவர்கள் பார்க்கட்டும்.

நாங்கள் கேட்பது டெப்பைத் திட்டும் பெற்றோரிடம். ட்ரெய்லரை இன்னொரு தடவை பாருங்கள். பொனி என்ற சிறுமிக்கு ஒரு பார்சல் வருகிறது. உள்ளே தவளை வடிவத்தில் லிலிபேட் என்ற டெப். வூடி, பஸ், ஜெஸ்ஸி எல்லாம் திகைத்து நிற்கின்றன. அந்தச் சின்னப் பிள்ளையா ஓடர் பண்ணிக் காசு கட்டியது? வாங்கிக் கொடுத்த பெரியவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

2020இல் ஒன்லைன் வகுப்புக்கென்று போன் வாங்கினீர்கள். அன்று வேறு வழியில்லை, சரி. வகுப்பு எப்போதோ நின்றுவிட்டது, போன் இன்னும் பிள்ளையின் கையில். சோறு தீத்த போன். உம்மா சமைத்து முடியும்வரை போன். வாப்பா மெச் பார்க்கும்போது பிள்ளைக்குத் தனியாக இன்னொன்று. முதலாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்க வருவதில்லை, திரையைத் தள்ள மட்டும் நன்றாக வருகிறது. இதற்கும் அந்தத் தவளைதான் காரணமா?

இந்த ட்ரெய்லர் வந்த செய்தியையே எங்களுக்கு முதலில் சொன்னது வகுப்புப் பிள்ளைகள்தான். எதில் பார்த்தார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.