அகலும் மூத்தோரும் அழியும் அவைகளும்

மாந்தர் கூடிச் செய்யும் எவ்வினைக்கும் இருவகை உடைமைகள் உண்டு. ஒன்று கண்ணுக்குப் புலப்படுவது. கட்டடம், பொத்தகம், பணம், உறுப்பினர் பட்டியல் ஆகியவை அதன்பாற் படும். மற்றொன்று கண்ணுக்குப் புலப்படாதது. ஒரு சொல்லை ஏன் கொண்டனர், மற்றொன்றை ஏன் தள்ளினர், புதிதாய் வந்தவனை எவ்வாறு பயிற்றினர், மாறுபட்டவனோடு எந்த அளவில் நின்றனர் என்னும் பட்டறிவு அது. முன்னது களவு போனால் ஊரே அறியும். பின்னது போனால் ஒருவரும் அறியார். பழகிய உறுப்பினர் ஒவ்வொருவராய் அகலும்போது அவரோடு அதுவும் ஓசையின்றி அகன்று விடுகின்றது.

மூத்தோர் அகல்வது இயற்கை. அகவை முதிரும்; பணி மாறும்; நோய் வரும்; சில வேளைகளில் கசப்பும் வரும். இவற்றைத் தடுப்பார் இலர். ஆயின், அவர் அறிந்தவை அவரோடு அகல்வது இயற்கையன்று; அஃது அவர்தம் குற்றமும், அவரைச் சூழ்ந்திருந்தோர் குற்றமுமாம். தமிழுக்கென்று இணையத்தில் எழுந்த குழுக்களின் ஏறத்தாழ முப்பதாண்டு வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

தகடூர் கற்பிக்கும் பாடம்

தகடூர் மண்ணுக்கு இவ்விழப்பு புதிதன்று. இன்று தருமபுரி என வடசொற் பெயர் தாங்கி நிற்கும் அவ்வூர் அதியமான்களின் தலைநகராய் விளங்கியது. சேரமான் அதனை முற்றிய போரைப் பாடுபொருளாக்கித் 'தகடூர் யாத்திரை' என்றொரு நூல் எழுந்தது. அந்நூல் இன்று முழுமையாய் இல்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும் தொல்காப்பிய உரைகளிலும் எடுத்தாளப் பெற்ற சில பாடல்களே எஞ்சியுள்ளன. ஓலைநூல் வாழ்வது படியெடுப்பாரால். கற்பவன், கற்பிப்பவன், ஓலை பழுதுறுமுன் மறுபடி எழுதி வைப்பவன் என்னும் தொடர் ஓரிடத்தில் அறுந்தால், தீயும் வெள்ளமும் வேண்டா. நூல் தானே மாயும். தகடூர் யாத்திரையில் பிழைத்தவை, பிறர் தம் நூலில் எடுத்தெழுதி வைத்தவை மட்டுமே என்பது கருதத்தக்கது.

தனித்தமிழ் முயற்சிக்கும் இம்மாவட்டத்திலேயே மற்றொரு சான்று உண்டு. பாப்பாரப்பட்டியில் 1925 சூலை 23-ஆம் நாள் மறைந்த சுப்பிரமணிய சிவாவை, நாட்டு விடுதலைக்காகச் சிறைக்கொடுமை ஏற்ற மறவராகவே மக்கள் அறிவர். அவர் 1913-இல் தொடங்கிய 'ஞானபானு' இதழில், 1915-ஆம் ஆண்டு, அயற்சொல் கலவாத தனித்தமிழில் திருவள்ளுவர் வரலாற்றை எழுதுவார்க்கு ஐந்து உருபா பரிசு அறிவித்தார். மறைமலையடிகள் தனித்தமிழ்க் கோட்பாட்டை மேற்கொண்ட 1916-ஆம் ஆண்டிற்கும் அது முற்பட்டது. பின்னர் இதழ் நின்றது. அதனைச் சூழ்ந்திருந்த எழுத்தாளரும் படிப்பாளரும் பல வழிகளிற் பிரிந்தனர். சிவாவின் பெயர் நிலைத்தது. அவர் செய்த இவ்வினையோ ஆய்வாளர் நூல்களுக்குள் ஒடுங்கிற்று. ஓர் இதழின் குழு கலைந்தால், அவ்விதழ் எதற்காக நின்றது என்பதும் மறந்துபோம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இணையத்தில் எழுந்த அவைகள்

ஓலைக்கும் தாளுக்கும் நேர்ந்தது மின்னெழுத்திற்கு நேராது என்றே பலர் நம்பினர். கறையானும் கடலும் தீண்டாத இடத்தில் தமிழ் ஏறிவிட்டது என்று மகிழ்ந்தனர். அந்நம்பிக்கை பொய்த்தது.

1990-களின் நடுவில் 'தமிழ்.நெட்' என்னும் மடற்குழு தோன்றியது. ஆத்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர், ஈழம், ஐரோப்பா, அமெரிக்கா எனச் சிதறிக் கிடந்த தமிழர் அங்கே நாள்தோறும் தமிழில் உரையாடினர். ஒருவர் எழுதியதை மற்றவர் கணிப்பொறி படிக்கவொட்டாத எழுத்துருக் குழப்பம் நிலவியபோது, 'திசுக்கி' என்னும் குறியேற்ற முறையை மடல்வழிக் கூடிப் பேசியே அமைத்தனர். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது; ஊதியம் வேண்டாத் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி உலகிற்கு வழங்கினர். அதன்பின் யாகூ நிறுவனத்தின் குழும ஏந்தில் 'அகத்தியர்', 'மரத்தடி', 'இராயர் காப்பி கிளப்' முதலிய அவைகள் தழைத்தன. 2004-இல் தமிழ்மணம் என்னும் திரட்டி தோன்றி, வலைப்பூக்களை ஒரு முற்றத்தில் கூட்டியது. இணையம், உலாவி, திரட்டி, வலைப்பூ, பின்னூட்டு என இன்று பள்ளி மாணவனும் இயல்பாய் ஆளும் சொற்கள் இத்தகைய உரையாடல்களிற் புழங்கிப் புழங்கியே வழக்கேறின. எந்த அரசாணையும் அவற்றை நாவில் ஏற்றவில்லை.

பின்னர் முகநூல் வந்தது, புலனம் வந்தது. மூத்தோர் ஒவ்வொருவராய்ப் பெயர்ந்தனர். சிலர் எழுதுவதையே விடுத்தனர், சிலர் மறைந்தனர். மடற்குழுக்கள் வறண்டன. 2019 அக்டோபரில் யாகூ நிறுவனம் தன் குழுமங்களில் சேர்ந்துள்ளவற்றை அழிக்கப் போவதாக அறிவித்தது. படியெடுத்துக் கொள்ளச் சில திங்களே தவணை தந்தது. 2020 திசம்பரில் அவ்வேந்தே மூடப்பட்டது. உயிரோடிருந்த குழுக்கள் படியெடுத்துக் கொள்ள இயன்றது. மூத்தோர் அகன்று ஆளற்றுக் கிடந்த குழுக்களுக்கு யார் படியெடுப்பார்? அயலான் நிலத்தில் கட்டிய அவை, நிலத்துக்குரியவன் ஒரு சொற் சொன்னதும் இடிந்தது. தகடூர் யாத்திரைக்குப் பல நூற்றாண்டுகளில் நேர்ந்தது இவற்றுக்கு ஒரு தலைமுறைக்குள் நேர்ந்துவிட்டது.

மூத்தோரோடு அகல்வன

ஓரவையினின்று மூத்தோர் அகலுங்கால் முதலில் அகல்வது பயிற்றும் திறம். யூசுநெட்டு என்னும் உரையாடற் களம் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பரவியிருந்த காலத்தில், ஒவ்வோராண்டும் செப்டம்பரிற் புது மாணவர் வந்து சேர்வர், முறையறியாது ஆரவாரிப்பர், மூத்தோர் பொறுமையாய்த் திருத்துவர், சில கிழமைகளில் அவர்களும் முறை பயின்று அவையோடு ஒன்றுவர். 1993-க்குப் பின்னர் வணிக நிறுவனங்களின் வழியே புதியோர் வெள்ளம் ஆண்டு முழுதும் ஓயாது புகுந்தது. பயிற்றுவார் தொகை சிறிது. பயிலாதார் தொகை பெரிது. 'முடிவிலாச் செப்டம்பர்' என்று அந்நிலைக்குப் பெயரே அமைந்தது. புதியோர் வந்தது கேடன்று. அவரைப் பயிற்றுவார் போதாமையே கேடு.

இரண்டாவதாக அகல்வது மறுத்துரைக்கும் ஆற்றல். 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் கூலிக்கு ஆளமர்த்தி, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழிற் பெயர்த்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. எழுத்துப்பிழையும் சொற்றொடர்ப் பிழையும் மலிந்த நீண்ட கட்டுரைகள் குவிந்தன. தமிழ் விக்கிப்பீடியர் வாளா இருந்தாரல்லர். பிழைகளை எடுத்துக்காட்டி, அந்நிறுவனத்தாரோடு உரையாடி, 2010-இல் போலந்து நாட்டில் நடந்த விக்கிமீடியா மாநாட்டிலும் அவற்றை முன்வைத்தனர். 'இது தமிழன்று' என்று உலகப் பெருநிறுவனத்தின் முகத்துக்கு நேரே சொல்வதற்கு, எது தமிழ் என்று ஆண்டுக்கணக்கில் தமக்குள் வழக்காடித் தெளிந்த ஒரு குழு வேண்டும். இன்று எந்திரம் நொடிப்பொழுதில் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துத் தருகின்றது. மறுத்துரைப்பார் அகன்ற அவையில் அது அப்படியே ஏறும். ஏறியது நாளை எடுத்துக்காட்டாகும்.

மூன்றாவதாக அகல்வது காவற்கண். 2010-இல், ஒருங்குறியில் கிரந்தத்திற்கு இடம் வகுக்கும் முன்மொழிவில் தமிழுக்கே உரிய எ, ஒ, ழ, ற, ன என்னும் வடிவங்களும் சேர்ந்திருந்தன. குறியீட்டு எண்களும் பட்டியல்களும் நிறைந்த அவ்வாவணத்தைப் பொதுமக்கள் படிப்பரோ? எழுத்துருச் சிக்கலில் பல்லாண்டு உழன்ற இணையக் குழுவினரே அதன் பொருளை உணர்ந்து குரலெழுப்பினர், தமிழறிஞர் திரண்டனர், தமிழ்நாட்டரசு நடுவணரசுக்கு எழுதியது. 2014-இல் வெளியான ஒருங்குறி 7.0-இல் கிரந்தம் தனியிடம் பெற்றது; ஆயின் அவ்வைந்தும் அதில் இடம்பெறவில்லை. இதனை இன்று அறிந்தார் எத்துணையர்? இதே முயற்சி மீண்டும் ஒரு நாள் வேறு பெயரில் வருமாயின், அன்று கண்டு சொல்வார் யார்?

மூத்தோர் குற்றம்

இவ்வளவும் கூறியதால் மூத்தோர் குற்றமற்றவர் என்றாகாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஊக்கத்தோடு எழுதுவார் தொகை 2007-ஐ ஒட்டி உச்சத்தை எட்டிப் பின்னர்ப் பல்லாண்டு இறங்கிற்று. அதன் கரணியத்தை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, குற்றம் புதியோர்பால் மட்டுமன்று எனக் காட்டியது. நன்னோக்கொடு வந்த புதியோர் எழுதியவற்றைத் திருத்திக் காட்டாது, கருவிகளைக் கொண்டு நொடியில் நீக்கும் வழக்கம் வளர்ந்திருந்தது. நெறிமுறைகளும் மாற்றவொண்ணாதபடி இறுகியிருந்தன. வந்தவர் முதல் நாளிலேயே திரும்பினர்.

தனித்தமிழ் அன்பர்க்கும் இஃது எச்சரிக்கையாம். 'பஸ்' என்று எழுதிய இளைஞனைப் பழித்து விரட்டினால் அவன் மீண்டும் வாரான். அவன் தமிழில் எழுதுவதையே விட்டு ஆங்கிலத்திற்குச் செல்வான். 'பேருந்து' என்னும் சொல் இருப்பதையும், அது 'பெருமை'யும் 'உந்து'தலும் சேர்ந்தமைந்த அழகையும் எடுத்துச் சொன்னால் அவன் நிற்பான், மற்றொருவனுக்கும் சொல்வான். கரணியம் சொல்லாத கண்டிப்பு, கண்டித்தவன் அகன்ற மறுநாளே மாய்ந்துவிடும். கரணியத்தோடு தந்த சொல்லோ தந்தவன் போனபின்னும் நிற்கும்.

குழுக்கள் அழியவில்லை, புலனத்திற்கு இடம்பெயர்ந்தன, அவ்வளவே என்பார் உளர். புலனக் குழுவில் இன்று காலை நடந்த அருமையான சொல்லாய்வு, மாலைக்குள் நூறு வாழ்த்துச் செய்திகளுக்குக் கீழ்ப் புதைகின்றது. வெளியிலிருப்பவன் அதனைத் தேடிக் காணவும் இயலாது. தெருத்திண்ணைப் பேச்சு இனிது. ஆயின் திண்ணைப் பேச்சு அகரமுதலி ஆகாது.

செய்யத்தக்கது

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இவற்றுக்கிடையே ஒரு வழியைக் காட்டுகின்றது. அதன் தொடக்க நாள்களில் ஈழத்தவரான இ. மயூரநாதன் ஏறத்தாழத் தனியொருவராய் நின்று இடைமுகத்தைத் தமிழாக்கிக் கட்டுரைகளை எழுதினார். பின்னர் பலர் சேர்ந்தனர். இன்று ஒன்றரை நூறாயிரத்திற்கு மேற்பட்ட கட்டுரைகள் அங்குள்ளன. அத்தொகையினும் பெரிது ஒன்றுண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் யார், எந்நாள், எதனை மாற்றினார் என்னும் வரலாறு நிற்கின்றது. ஏன் மாற்றினார் என்று வழக்காடப் பேச்சுப் பக்கம் ஒன்று நிற்கின்றது. கிரந்த எழுத்தைக் கொள்வதா தள்ளுவதா என்று அங்கே நடந்த சொற்போர்களை இன்றும் எவரும் படிக்கலாம். வேண்டுவோர் முழுவதையும் படியெடுத்தும் வைக்கலாம். போனவர் சொன்னது போகாமல் நிற்க வழி அதுவே.

இனித் தமிழ்க்குழு ஒவ்வொன்றும், இணையத்தில் இயங்கினும் ஊர் மன்றத்தில் இயங்கினும், மூன்று கடன்களை மேற்கொள்ள வேண்டும். ஒரு சொல்லை ஆக்கினால் அதன் வேரையும், தள்ளிய பிற சொற்களையும், தள்ளிய கரணியத்தையும் உடன் எழுதி வைக்க வேண்டும். எழுதியதன் படியை அயல் நிறுவனத்தை மட்டும் நம்பி விடாமல், தம் கையிலும் ஒரு நூலகத்திலும் வைக்க வேண்டும். பத்தாண்டு தொண்டாற்றிய ஒவ்வொருவரும், தாம் அகலுமுன் தம்மிடத்தில் நிற்கத்தக்க இருவரையேனும் பயிற்ற வேண்டும்.

தருமபுரி மாவட்ட இளைஞர்க்கு இதில் தனிக்கடன் உண்டு. பிழைப்பு நாடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் அவர் பெயர்கின்றனர். ஊரில் எஞ்சியிருப்போர் முதியோர். அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் சித்தேரி மலையிலும் உழவு, ஆடுமாடு, சிறுகூலம், மழை பற்றி அம்முதியோர் நாவில் வாழும் சொற்கள் பல எந்த அகரமுதலியிலும் ஏறாதவை. விடுமுறைக்கு ஊர் திரும்பும் இளைஞன் ஒருவன், பாட்டியிடம் பத்துச் சொற்களைக் கேட்டுப் பொருளோடு எழுதி வைத்தால், அதுவே தமிழுக்குப் பெருந்தொண்டாம். பாட்டி அகன்றபின் அச்சொற்களைக் கேட்கப் போவது யாரிடம்?

இம்மாவட்டத்தின் ஊர்ப்புறங்களில் நடுகற்கள் பல இன்றும் நிற்கின்றன. ஆநிரை காக்கப் பொருது பட்டவன் யார், எவன் ஆட்சியில், எதன்பொருட்டுப் பட்டான் என்பதைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் பெரும்புலவர் அல்லர், சிற்றூரார். மாண்டவன் மீளான் என்பதை அவர் நன்கறிவர். அவன் எதற்காக நின்றான் என்பது மாளக்கூடாது என்பதையும் அறிவர். கல்லும் உளியும் கொண்டு அவர் செய்ததை, விரல்நுனியில் உலகத்தை வைத்திருப்பவர் செய்யாதொழிவது தமிழுக்கு இழைக்கும் இரண்டகமாகும்.