கட்டப்பா ஏன் அடிமையானான்?

2015 ஜூலையிலிருந்து 2017 ஏப்ரல் வரை நம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்? பல்கலைக்கழக விடுதி, கல்யாண வீடு, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடை என்று எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். இரண்டாம் பாகம் வந்த முதல் நாள் நானும் விசிலடித்தவன்தான். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நாம் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு.

கட்டப்பா ஏன் அடிமை?

கேட்காதது மட்டுமில்லை. அதைக் கேட்க வந்த முன்கதையையும் "இது பாகுபலியே இல்ல" என்று ஓரமாகத் தள்ளிவிட்டோம். அப்படித் தள்ளியதற்கு நாம் சொல்லும் காரணங்கள் உண்மையான காரணங்கள் இல்லை என்பது என் வாதம்.

முதலில் படம் சொல்லும் பதிலைப் பார்ப்போம். முதல் பாகத்தில் பாரசீக வணிகன் அஸ்லம் கான் வருகிறான். கட்டப்பாவின் வீரத்தைப் பார்த்து வியந்து, இவனுக்கு விலை கொடுத்து விடுதலை வாங்க முடியுமா என்று யோசிக்கிறான். கட்டப்பா மறுக்கிறார். முன்னோர்கள் அரியணைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்களாம், தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்ற வேண்டுமாம். அவ்வளவுதான் பதில். பிறகு சிவுடுவின் முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து மண்டியிட்டு, அவன் பாதத்தை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறார். தியேட்டர் அதிர்கிறது. ஒரு கிழவன் ஓர் இளைஞனின் காலைத் தலையில் வைத்துக்கொள்வதற்கு ஏன் கை தட்டினோம் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. கட்டப்பாவாக நடித்த சத்யராஜ்தான் 2007இல் பெரியாராக நடித்தவர் என்பதைக்கூட வேடிக்கைச் செய்தியாகப் பேசிவிட்டுக் கடந்துபோனோம்.

இப்போது முன்கதைக்கு வருவோம். 2017இல் படக்குழுவின் ஒப்புதலோடு ஆனந்த் நீலகண்டன் ஆங்கிலத்தில் 'தி ரைஸ் ஆஃப் சிவகாமி' எழுதினார். பாகுபலி பிறப்பதற்கு முந்தைய மகிழ்மதியின் கதை. அதில் கட்டப்பா இளைஞன். அவனுக்குச் சிவப்பா என்று ஒரு தம்பி. அண்ணன் பெருமையாகச் சுமக்கும் அடிமைத்தனத்தைத் தம்பியால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய்க் கலகக்காரர்களோடு சேர்கிறான். அந்தக் கலகக்காரர்கள் யார்? மகிழ்மதி பிடுங்கிக்கொண்ட மலைக்குச் சொந்தக்காரர்கள். அந்த மலைக்குள் சுரங்கம் இருக்கிறது. சுரங்கத்துக்குள் அடிமைக் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் வெட்டியெடுக்கும் கல்லிலிருந்து வரும் பொடியில்தான் மகிழ்மதியின் வாள்களுக்கு அந்தப் பலம். படத்தில் மகிழ்மதியின் ஆயுத பலத்தைப் பார்த்துப் புல்லரித்தோமே, அதற்குப் பின்னால் ஒரு குழந்தையின் மூச்சு போயிருக்கிறது என்கிறது நாவல். சிவகாமியோ ராஜத்துரோகி என்று கொல்லப்பட்டவரின் மகள். மகிழ்மதியை அழிப்பேன் என்று சபதம் எடுத்தவள். அவள்தான் பின்னாளில் தன் சொல்லே சட்டம் என்று அரியணையில் அமரப் போகிறாள்.

இதைவிடப் பெரிய கதை வேறு என்ன வேண்டும்? 2018இல் நெட்ஃபிளிக்ஸ் இந்த நாவலைத் தொடராக எடுப்பதாக அறிவித்தது. இளம் சிவகாமியாக மிருணாள் தாக்கூர் நடிக்க, படப்பிடிப்பும் நடந்தது. பிறகு கைவிடப்பட்டது. ஓர் அத்தியாயம்கூட வெளிவரவில்லை. திரைக்கு வந்தது வேறொன்று. 2024 மே மாதம் ஹாட்ஸ்டாரில் 'பாகுபலி: கிரவுன் ஆஃப் பிளட்' என்ற அனிமேஷன் தொடர். அதில் பாகுபலியும் பல்வாள்தேவனும் சேர்ந்து ரக்ததேவன் என்ற மர்மமான போர்த்தலைவனிடமிருந்து மகிழ்மதியைக் காப்பாற்றுகிறார்கள். கவனியுங்கள். நாவலில் நோய் அரண்மனைக்கு உள்ளே இருந்தது. தொடரில் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது.

அந்தத் தொடர் வந்த வாரம் கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். தே தாரிக் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "கார்ட்டூன் மாதிரி இருக்குடா" என்றான் ஒருவன். "ராஜமௌலி எடுக்கலன்னா அது பாகுபலியே இல்ல மச்சான்" என்றான் இன்னொருவன். நான் நாவலைப் பற்றிச் சொன்னேன். சிவப்பா, சுரங்கம், குழந்தைகள். மூன்றாமவன் கையை உயர்த்தினான். "டேய், ஏன்டா நல்ல படத்தக் கெடுக்கிற? கட்டப்பான்னா விசுவாசம். அத விட்டுருலா."

மூன்று வாதங்களும் நேர்மையாகப் பதில் சொல்லத் தகுந்தவை.

முதலாவது தரம். ஒப்புக்கொள்கிறேன். கிரவுன் ஆஃப் பிளட்டில் முகங்கள் அசைவதே இல்லை என்று எனக்கும் தோன்றியது. ஆனந்த் நீலகண்டனின் நாவலும் பெரிய இலக்கியம் இல்லை. ஒவ்வொரு அத்தியாயமும் தொலைக்காட்சித் தொடர்போல ஒரு திடுக்கிடலில் முடிகிறது. ஆனால் தரம்தான் பிரச்சினை என்றால், தரமில்லாத முன்கதையை விட்டுவிட்டு நல்ல முன்கதையைக் கேட்டிருப்போம் இல்லையா? கைவிடப்பட்ட தொடருக்காக என் நண்பர்களில் ஒருவர்கூட வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

இரண்டாவது, ராஜமௌலி தொடாதது செல்லாது என்ற வாதம். இது ரசிகர்களுக்கு வசதியான சட்டம். பிடித்ததற்கு இந்தச் சட்டத்தை யாரும் நீட்டுவதில்லை. ஸ்டார் வார்ஸ் ரசிகர்களைப் பாருங்கள். 2022இல் 'ஆண்டோர்' வந்தது. ஒரு படத்தின் முன்கதைக்கும் முன்கதை. உருவாக்கியவர் ஜார்ஜ் லூகாஸ் இல்லை. ஜெடாய் இல்லை, ஒளிவாள் இல்லை. நாயகன் ஒரு சிறையில் அடைக்கப்படுகிறான். அங்கே கைதிகள் இரவும் பகலும் முறைபோட்டு ஏதோ உதிரிபாகங்களைப் பூட்டுகிறார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. அது டெத் ஸ்டாருக்கு என்று கடைசியில்தான் நமக்குக் காட்டப்படுகிறது. 1977இலிருந்து நாம் வாய் பிளந்து பார்த்த அந்தப் பிரமாண்டமான இயந்திரத்தைக் கட்டியவை அடிமைக் கைகள் என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் சொன்னது. மாமாக் கடையில் தீர்ப்புச் சொன்ன அதே நண்பர்கள் ஆண்டோரைத் தலையில் தூக்கி வைத்தார்கள். அமெரிக்கக்காரன் தன் பேரரசுக் கதையைத் தோண்டினால் அது கலை. மகிழ்மதியைத் தோண்டினால் மட்டும் படத்தைக் கெடுப்பதா?

மூன்றாவதுதான் உண்மையான வாதம். கட்டப்பான்னா விசுவாசம். இதற்குப் பதில் சொல்ல நான் மகிழ்மதிக்குப் போக வேண்டியதில்லை. கிள்ளானே போதும்.

என் பாட்டி கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தன் அப்பாவைப் பற்றி ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "எங்கப்பா ஒரு சைக்கிள் வச்சிருந்தாரு. தொர எதுக்க வந்தா எறங்கி ஓரமா நின்னுருவாரு. கிராணி வந்தாலும் எறங்கிருவாரு. அவ்ளோ மரியாதை தெரிஞ்ச மனுசன்." பாட்டி இதைப் பெருமையாகத்தான் சொல்வார். சின்ன வயதில் நானும் பெருமையாகத்தான் கேட்டேன்.

பிறகு 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தேன். அந்த வருடம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரைமாருக்கும் கிராணிமாருக்கும் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம், ஓட்டிக்கொண்டே போக விட வேண்டும். அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் தமிழ் நேசனில் வேலை பார்த்தவர். மே மாதம் அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள்.

அதைப் படித்த அன்று பாட்டியின் கதை எனக்கு வேறு கதையாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் எவனோ ஒருவன் அந்தச் சைக்கிளிலிருந்து இறங்காமல் இருப்பதற்காக அடி வாங்கியிருக்கிறான். நம் வீட்டில் சொல்லிக் கொடுக்கப்பட்டது இறங்கியவரின் கதை. நான் என் கொள்ளுத்தாத்தாவைக் குறை சொல்லவில்லை. இறங்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் கேட்பது, பயத்தில் செய்ததை மரியாதை என்றும் விசுவாசம் என்றும் பெயர் மாற்றி நமக்குக் கொடுத்தது யார் என்பதைத்தான். கட்டப்பாவும் சிவப்பாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நாம் ஒருவனை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

அதனால்தான் முன்கதை நமக்குச் சங்கடமாக இருக்கிறது. படம், முன்னோர் வாக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. முன்கதையோ அந்த வாக்கை யார் வாங்கினார், என்ன சொல்லி வாங்கினார், மறுத்தவனுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் கங்காணி சொன்ன கதையை நம்பிக் கப்பலேறியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகள் கற்பனைக் கேள்விகள் இல்லை.

"வெறும் பொழுதுபோக்குப் படம்டா, இவ்ளோ யோசிக்கணுமா?" என்று கேட்பீர்கள். 2015இல் முதல் பாகத்தின் தமிழ் வசனத்தில் 'பகடை' என்ற சொல் இழிசொல்லாக வந்தது. அது தமிழ்நாட்டில் அருந்ததியர் சாதிப் பிரிவு ஒன்றின் பெயர். அங்கே எதிர்ப்பு எழுந்தது. வசனம் எழுதிய மதன் கார்க்கி வருத்தம் தெரிவித்தார். நம்மில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? அடிமையைக் கொண்டாடும் கதையில் சாதிப் பெயர் வசைச்சொல்லாக வந்து விழுந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

2025 அக்டோபரில் இரண்டு பாகங்களையும் ஒன்றாக வெட்டி 'பாகுபலி: தி எபிக்' வெளியிட்டார்கள். அடுத்து 'தி எட்டர்னல் வார்' என்ற அனிமேஷன் படம் வரப்போகிறதாம். இறந்த பாகுபலி தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் நடக்கும் போருக்குள் போகிறானாம். மேலுலகம்வரை போகத் தயாராக இருக்கிறது இந்தக் கதை. மலைக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் இறங்க மட்டும் ஆளில்லை. இறங்கு என்று கேட்கிற ரசிகனும் இல்லை.

மாமாக் கடை நண்பனுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் சண்டையாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். மச்சான், நான் படத்தைக் கெடுக்கவில்லை. அடுத்த முறை அந்தக் காட்சி வரும்போது, அந்தக் கால் கட்டப்பாவின் தலைமேல் ஏறும் நொடியில், நீ விசிலடிப்பதற்கு முன்னால் என் பாட்டியின் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துப் பாதையின் ஓரத்தில் நிற்பதை ஒரு தடவை பார். அதற்குப் பிறகும் விசில் வந்தால் அடி. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.