பாதம் பூசணி, முகம் சுண்டைக்காய்

கோயமுத்தூர்க்காரர் நூலைத் தொட்டே நம்பர் சொல்லிவிடுவார். லென்ஸ் வாங்கும்போது மட்டும் விலைச்சீட்டைத்தான் பார்ப்பார். அனுமதி பெற்றுப் பேரூர் கனகசபைக்குள் நுழைந்த ஒரு பிரகஸ்பதி, கஜசம்ஹாரமூர்த்தியின் காலடியில் குந்திக்கொண்டு 16 மில்லிமீட்டர் லென்ஸில் படம் எடுத்தார். பாதம் பூசணி, முகம் சுண்டைக்காய்!

"நெருங்கினால்தான் பிரமிப்பு" என்று வாதம் வேறு. யாருடைய பிரமிப்பு, ஐயா? நாயக்கர் காலத்துச் சிற்பி அளந்து வைத்த அளவல்லவா போயிற்று! உண்மையில் லென்ஸ்கூடப் பாவம். அளவைக் கெடுப்பது நாம் நிற்கும் தூரம். 20 அடி விலகி நின்று 85 போடலாம். இடமில்லையா, 12 அடியில் 50. ஆனால் விலகி நிற்க யாருக்குப் பொறுமை?

அந்தப் படம் இன்று ஒரு கல்யாண மண்டபத்தில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. அதைப் பார்த்த ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "அந்தக் காலத்துச் சிற்பிக்கு மூஞ்சி செதுக்கத் தெரியாதுங்களா?"