நாற்பதுக்குப் பின் ஓர் ஓட்டம்

 

நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் ஒரு சொல் அடிக்கடி வெளிப்படக் கேட்கிறோம். "இனி நமக்கென்ன? பிள்ளைகள் தலையெடுத்தால் போதும்" என்பதே அது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மருத்துவர் நடக்கச் சொல்கிறார். நாமோ நாளை, நாளை மறுநாள் என்று நாளைக் கடத்துகிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு இறைச்செய்தி அருளப்பட்டதே நாற்பதாம் வயதில்தான் என்பதை ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை. மனித வரலாற்றின் மாபெரும் பணி தொடங்கிய வயதை, நாம் ஓய்வுக்குரிய வயதாக்கிக் கொண்டோம்.

இம்மாதம் ஒரு விளையாட்டைப் பற்றி உங்களோடு உரையாட விழைகிறேன். 'டிரையத்லான்' என்பது அதன் பெயர். முதலில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிள் மிதிக்க வேண்டும். இறங்கியதும் ஓட வேண்டும். இடையே காலணி மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 46 பேர் கலந்துகொண்ட போட்டியிலிருந்து இதன் இன்றைய வரலாறு தொடங்குகிறது. 1978இல் ஹவாயில் 'அயர்ன்மேன்' எனும் நெடுந்தொலைவுப் போட்டி பிறந்தது. நீச்சல் 3.8 கிலோ மீட்டர், சைக்கிள் 180 கிலோ மீட்டர், ஓட்டம் 42.2 கிலோ மீட்டர்! அன்று புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றது.

இது இளைஞர்களுக்குரியதாயிற்றே என்று நீங்கள் கருதலாம். இப்போட்டியின் அமைப்பைச் சற்று நோக்குங்கள். பொதுமக்கள் பங்கேற்கும் போட்டிகளில் ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள் வகுத்திருக்கிறார்கள். 45 வயதுக்காரர் தம் வயதையொத்தவருடனேயே ஒப்பிடப்படுகிறார். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மீறி இறைவன் சிரமப்படுத்துவதில்லை என்று திருமறை வழியே அறிந்துள்ள நமக்கு, இந்த நியாயம் புதிதன்று. பெரும்பாலானவர்களுக்கு இங்கே எதிராளி அடுத்த மனிதரல்லர். நேரத்தின் கெடுவே எதிராளி. ஹவாய்ப் போட்டியில் அந்தக் கெடு 17 மணி நேரம். அதற்கு ஒரு நொடி பிந்தினாலும், போட்டியை முடித்தவராகக் கொள்ளமாட்டார்கள்.

ஜப்பான் நாட்டின் ஹிரோமு இனாடா என்பவரின் வாழ்வு இதற்கு ஒரு சான்று. செய்தியாளராகப் பணியாற்றிய அவர், நோயுற்ற மனைவியைக் கவனிப்பதற்காக 60 வயதில் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். தம் உடல்நலம் பேணவே நீச்சலைத் தொடங்கினார். முதல் டிரையத்லானில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 70. 2015ஆம் ஆண்டு, 82 வயதில், ஹவாயில் முழுத் தொலைவையும் கடந்து முடிவுக்கோட்டை எட்டினார். ஆனால் கெடு முடிந்து சில நொடிகள் ஆகிவிட்டிருந்தன! பதினேழு மணி நேர உழைப்பு, பத்து நொடிக்கும் குறைவான தாமதத்தால் ஏட்டில் ஏறாமற் போயிற்று. அவர் துவண்டு விடவில்லை. மீண்டும் பயின்றார், மீண்டும் வந்தார். 2018ஆம் ஆண்டு, 85 வயதில், 16 மணி 53 நிமிடங்களில் அதே போட்டியை முடித்தார்.

சகோதரர்களே! தொழுகைக்கு நேரம் குறிக்கப்பட்ட சமுதாயம் நாம். கெடு என்பதன் பொருளை நம்மைவிட அறிந்தவர் யார்? முதுமைக்கு முன் இளமையையும், நோய்க்கு முன் ஆரோக்கியத்தையும் பயன்படுத்திக் கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். அந்த ஆரோக்கியம் நம் கையில் இருக்கும் நாட்கள் எத்தனை என்பதை மட்டும் நாம் அறியோம்.

தொடங்க விரும்புவோர் அயர்ன்மேனை நினைத்து மலைக்க வேண்டியதில்லை. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோ மீட்டர் சைக்கிள், 5 கிலோ மீட்டர் ஓட்டம் என்ற குறுந்தொலைவுப் போட்டியும் உண்டு. சில மாதங்கள் முறையாகப் பயின்ற நடுவயதினர் இதனை முடிக்க இயலும். முதலில் நடை, பின்னர் நடையும் மெல்லோட்டமும் மாறி மாறி, வாரத்திற்கு இரு நாள் நீச்சல். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும்போது கால்கள் மரக்கட்டைபோல் கனக்கும். ஆகவே சைக்கிள் பயிற்சி முடிந்த உடனேயே பத்து நிமிடம் ஓடிப் பழகுவார்கள். குறைவாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழியின் உண்மையை, உடற்பயிற்சியிலும் கண்கூடாகக் காணலாம்.

எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும் திடீர் இதய நிறுத்தங்களையும் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். மொத்தம் 135 நிகழ்வுகள். அவற்றுள் பெரும்பாலானவை நீச்சலின்போது நேர்ந்தவை. பாதிக்கப்பட்டோரில் மிகுதியானோர் ஆண்கள். அவர்களின் சராசரி வயது நாற்பத்தாறுக்கும் சற்று அதிகம். அதாவது, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயது! பலருக்கு இதயத்தில் கோளாறு இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவந்தது.

எனவே, பயிற்சிக்கு முன் மருத்துவரைக் காண்பது கட்டாயம். இரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் வலியோ மயக்கமோ தோன்றினால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும். கடலிலோ ஏரியிலோ தனியாக நீந்தலாகாது. போட்டியின்போது தளர்ந்தால், காவல் படகைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்குவதற்கு விதியே இடமளிக்கிறது. அதில் இழிவு ஒன்றுமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பிக்கப்பட்டவர்கள் நாம். உடல் நம் உடைமையன்று. இறைவன் தந்த அமானிதம். அதைப் பாழாக விடுவதும் மோசடி. வீம்புக்காக அழிப்பதும் மோசடி.

நிய்யத்தையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவதற்காக ஓடினால், வியர்வை மட்டுமே மிச்சம். உடலுக்கும் உரிமை உண்டு, இல்லத்தாருக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் தம் தோழருக்கு எடுத்துரைத்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அதனை உண்மையென ஏற்றார்கள். ஞாயிறு முழுவதும் சைக்கிளில் திரிந்து, மனைவி மக்களை மறந்திருப்பது இந்த நீதிக்குப் பொருந்தாது. சுபுஹுத் தொழுகைக்குப் பின்னர் ஒரு மணி நேரம் போதும். அதில் இல்லத்தாரையும் சேர்த்துக்கொள்வது மேலும் சிறப்பு.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே அனுப்பிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முன்னொரு முறை அன்னையார் வென்றிருந்தார்கள். இம்முறை பெருமானார் வென்று, அதற்கு இது ஈடு என்று நகைத்தார்கள். அப்போது அவர்களின் வயது ஐம்பதைக் கடந்திருந்தது!

சகோதரிகளே! இது உங்களுக்கும் உரியதே. அமெரிக்க முஸ்லிம் பெண்மணி கதீஜா டிக்ஸ், நடுவயதில் இவ்விளையாட்டுக்கு வந்தவர். தலைமறைப்பைக் களையாமலே போட்டியிட்டு, நெடுந்தொலைவுப் பிரிவில் தம் நாட்டு அணியிலும் இடம்பெற்றார். போட்டியில் நாட்டமில்லாதவர்கள் விடியற்காலையில் தோழியருடன் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே போதும்.

ஆகவே, இன்று அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே தெருக்கோடிவரை நடந்து பாருங்கள். நாளை இன்னும் சற்றுத் தொலைவு. கடைசியாக வந்து சேர்பவருக்கும் முடிவுக்கோடு ஒன்றே. கெடுவுக்குள் வந்தாரா என்பதே கேள்வி.

நமக்களித்த ஆயுளையும் ஆரோக்கியத்தையும் அவன் பொருந்திக்கொள்ளும் வழியில் செலவிட, வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் நல்குவானாக! ஆமீன்.